தெற்கு ரோட்டுத் தண்ணி

பாவாத்தாள் பிளசர் காரின் சாவியைத் திருப்பினாள், முன்னால் புதிதாய் உட்கார்ந்திருந்த ஜப்பான் எஞ்சின் ஒரு செருமல்கூட இல்லாமல் ஓட ஆரம்பித்தது, அதே நேரத்தில் ஊசிக்கல்வலசில், சென்னியப்பனின் தோட்டத்துக் கிணற்றுமேட்டில், எண்ணெயும் ஊற்றாமல் பேட்டரியும் கொடுக்காமல் சும்மா போல்ட் போட்டு நிறுத்தியிருந்த அந்தக் காரின் பழைய எஞ்சினும் தடதடவென்று ஓட ஆரம்பித்தது, அதோடு கோத்திருந்த பம்பும் சுத்தியது, பம்பின் குழாயோ கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் காத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கிணற்றிலோ பல்லிக்குக்கூடத் தண்ணி கிடையாது, ஆனாலும் வாய்க்கால் பக்கத்துக் குழாயில் தண்ணி கொட்டியது. சென்னியப்பன் ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை. ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்தார், உப்பில்லை என்று தெரிந்ததும் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற குடம் குண்டானையெல்லாம் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

இப்படி ஆனதற்கு யார் என்ன காரணம் சொன்னாலும் சொல்லட்டும், அந்த வட்டாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட காரணம் ஒன்றே ஒன்றுதான். அங்கெல்லாம் பழைய எஞ்சினை யாரும் தூக்கிப் போடுவதில்லை, காரிலிருந்து கழற்றினால் கிணற்றில் பூட்டுவார்கள், கிணறு வேண்டாமென்றால் கரும்பு பிழிகிற மிஷினில் பூட்டுவார்கள், பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொள்வார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு: புது எஞ்சின் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, வண்டிக்காரன் கையில் சாவியைக் கொடுத்து, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் பழசை வெளியே விடவேண்டும், அதுவரைக்கும் அது வொர்க்ஷாப்பிலேயே கிடக்கவேண்டும், இல்லையென்றால் தான் இன்னும் அந்த வண்டியில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு பழசுக்குப் போகாது. வொர்க்ஷாப் வைத்திருக்கிற தாவூத் பாய்க்கு இது தெரியாததல்ல, முப்பது வருசமாய் எஞ்சின் மாற்றுகிற மனிதர். ஆனால் சென்னியப்பன் டிராக்டரைக் கொண்டுவந்து வொர்க்ஷாப் வாசலில் நிறுத்தி, மழை வரப்போகுது, மழை வரப்போகுது என்று ஒரு வாரமாய் உயிரை எடுத்ததில், பாய் தொல்லை விட்டால் போதுமென்று டெஸ்ட் டிரைவுக்கு முன்னாலேயே பழைய எஞ்சினைச் சங்கிலி கட்டித் தூக்கிக் கொடுத்துவிட்டார். மழையும் வரவில்லை.

காரோ பழைய பிளைமௌத். மில்லுக்காரர் வீட்டு வண்டி, கப்பல் மாதிரி நீளம், அதற்கு ஊரில் பிளசர் என்றுதான் பேர். மில்லுக்காரரின் பேரன் ஆஸ்திரேலியாவில் இருந்தான், அடுத்த வருசம் கல்யாணத்துக்கு வரும்போது தாத்தாவின் வண்டியில்தான் பொண்ணைக் கூட்டிப்போவேன், ஆனால் வழியில் நின்று மானத்தை வாங்கக்கூடாது என்று சொல்லி, மேலே பழசு உள்ளே புதுசு என்று பாயிடம் ஒப்படைத்திருந்தான். ஓட்டிப்பார்க்கக் கூப்பிட்டது பாவாத்தாளை. அவளும் ஊசிக்கல்வலசுக்காரிதான், நூல்மில் வேன் ஓட்டுகிறவள், அதற்கு முன்னால் புருசனோடு லாரியில் போனவள், புருசன் போய்ச்சேர்ந்த பிறகும் ஸ்டியரிங்கை விடாதவள், எந்த வண்டியானாலும் உட்கார்ந்த உடனே அவளுக்கு அது பழக்கமாகிவிடும். அவளுக்கு ஒரே மகள், கோகிலா. தண்ணியில்லாத ஊர்ப் பொண்ணு, சும்மாடு கட்டிக்கொண்டே வளர்ந்தவள் என்று எத்தனையோ வரன் தட்டிப்போய், கடைசியில் தெற்கு ரோட்டில் வெள்ளியம்பாறையில், தை மாசந்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். வற்றாத கிணறு இருக்கிற வீடு என்பதற்காகவே கேட்டதெல்லாம் போட்டுக் கட்டிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளை அங்கே நல்லபடியாய் நிலைத்துவிட்டால் போதும், தனக்கு இனிமேல் சாமிகிட்டே கேட்க ஒன்றுமில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல்நாள் ஓட்டிவிட்டு அவள் வந்து வண்டியை நிறுத்தினதும், சென்னியப்பன் மொபெட்டில் வந்து வொர்க்ஷாப்பில் நின்றார்.

"ஏம் பாவாத்தா, வண்டிய எப்பக் கெளப்புனெ, எப்ப நிறுத்துனெ?"

"மில்லுச் சங்கு ஊதறப்பக் கெளம்புனனுங்ணா. இப்பத்தான் நிறுத்தறன். ஏனுங்?"

"நடுவுல எங்காச்சு நின்னயா?"

"ரயில்வே கேட்டுல. ஆஃப் பண்ணிட்டு நின்னன்."

சென்னியப்பன் தாடையைத் தடவிக்கொண்டார். கேட் போட்ட நேரத்தில்தான் குழாயும் நின்றிருந்தது. "சித்தெ மறுக்கா கெளப்பு" என்றார், அங்கிருந்தே பொண்டாட்டிக்குப் போன் போட்டார், போனில் எஞ்சின் சத்தம் கேட்டது, "நிறுத்து" என்றார், போனிலும் நின்றது. பாய் இதைப் பார்த்துவிட்டு டீ சொன்னார். மூன்று பேரும் டீ குடித்தார்கள். குடித்து முடித்ததும் பாய், "அப்ப டெஸ்ட் டிரைவ் இன்னும் முடியலைங்" என்றார், சென்னியப்பன் "முடியலை" என்றார், பாவாத்தாளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதிலிருந்து டெஸ்ட் டிரைவ் முடியவேயில்லை. ஆஸ்திரேலியாக்காரன் போன் பண்ணும்போதெல்லாம் பாய், "தம்பி, மூணாவது கியர்ல சித்தெ முனகுதுங்க, இன்னும் ஓட்டிப் பாக்கோணும்" என்பார், அடுத்தமுறை "பிரேக்கு இழுக்குது" என்பார், அதற்கடுத்த முறை "எல்லாம் சரியாயிருச்சு, ஆனாப் பொறத்தாண்ட ஒரு ஊதல் சத்தம்" என்பார், அந்தப் பையனும் பாவம், நல்லா ஓட்டிப் பாருங்க பாய், அவசரமில்லை என்று டீசலுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தான். ஊசிக்கல்வலசில் கரண்ட் உண்டா என்று கேட்பதுபோல, இன்னைக்கு டிரைவ் உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணம், காதுகுத்து, எழவு எது வைப்பதென்றாலும் பாவாத்தாளைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். பிளசர் மேட்டில் ஏறினால் பம்பு திணறும், இறக்கத்தில் விட்டால் தண்ணி அள்ளிக்கொண்டு வரும், வாய்க்காலில் துணி துவைக்கிற பொம்பளைகள் தண்ணி வருகிற வேகத்தை வைத்தே, "அக்கா இப்பப் பாலத்துல எறங்குது", "இப்ப எதுக்கால லாரி வருது, ஒதுங்குது" என்று சொல்லிக்கொண்டு சோப்புப் போட்டார்கள். தெரியாத வெளியூர்க்காரர்கள்தான் கொஞ்சம் முழித்தார்கள். நமக்குப் புழங்கப் புழங்க எல்லாம் சரியாகிவிடும்.

எந்த ரோட்டில் போனால் எந்தத் தண்ணி என்பதும் சீக்கிரமே பிடிபட்டது. வடக்கால போனால் உப்பு. கிழக்கால சாயப்பட்டறைப் பக்கம் போனால் செவப்பாயும் ஊதாவாயும் வந்தது, அதை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மேற்கே மலையடிவாரம் வரைக்கும் போனால் ஐஸ் மாதிரி தண்ணி, இலைவாசம் வேறு, ஆனால் தூரம். தெற்கு ரோடுதான் வாகு என்று சொன்னது பாவாத்தாளேதான். "தெக்கால தண்ணி இளநி மாதிரி இருக்குதுங்ணா" என்று அவள் சென்னியப்பனிடம் சொன்னது உண்மைதான், தண்ணியும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அவள் மனசில் இருந்தது வேறு, தெற்கு ரோடு வெள்ளியம்பாறை வழியாகப் போகிறது, மகள் வீட்டுத் தோட்டம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது, அங்கே ஹாரன் அடித்தால் கோகிலா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் ஓடிவருவாள். சம்மந்தி வீட்டுக்கு அடிக்கடி போய் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காது, ஹாரன் அடிப்பதை யார் என்ன சொல்லமுடியும். அவ்வளவு பெரிய பிளசரில் அம்மா போவதைப் பார்த்துக் கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே பாவாத்தாள் ஊரையே தெற்குத் தண்ணிக்குப் பழக்கிவிட்டாள்.

அப்புறம்தான் குழாயில் தண்ணியோடு மற்றதும் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு மீன், அந்தப் பக்கத்து மீன் இல்லை. பிறகு ஒரு கொலுசுத் திருகு, ரெண்டு மூன்று காசு, பச்சைக் கண்ணாடி வளையல் உடையாமல் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடி. அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. ஒருநாள் பொம்பளைச் செருப்பு ஒன்று வந்தது, இடதுகால் செருப்பு, பழசு இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் சொல்லித் தெரியவேண்டியதில்லை, துவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துணியைக் கும்மினார்கள். அடுத்த வாரம் ஒரு கற்றை முடி வந்தது, நீளமான முடி, ரிப்பனோடு, அதில் கனகாம்பரம் வாடாமல் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். யாரும் தண்ணி வேண்டாமென்று சொல்லவில்லை. நிறைய யோசித்து, கடைசியில் சென்னியப்பன் தன்னுடைய பழைய வேட்டி ஒன்றை நாலாய் மடித்துக் குழாயின் வாயில் கட்டிவிட்டார். "தண்ணி மட்டும் வரட்டும், மத்ததெல்லாம் நமக்கெதுக்கு" என்றார். எல்லாரும் அது நல்ல யோசனை என்றார்கள். மத்தியானம் வாய்க்காலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவரே துணியை அவிழ்ப்பார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு குழியில் உதறுவார், மண்ணை இழுத்துவிடுவார், மறுபடி கட்டுவார். பாவாத்தாளும் அந்தத் தண்ணியில்தான் சோறாக்கினாள். ரெண்டு நாள் தொண்டையில் இறங்கவில்லை, மூன்றாம் நாள் இறங்கிவிட்டது, இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

வைகாசி பிறந்ததிலிருந்து கோகிலா வேலியோரம் வருவது நின்றுபோனது. பாவாத்தாள் ஹாரன் அடித்தாள், நின்று அடித்தாள், ஒருநாள் தோட்டத்தில் கோகிலாவின் சேலை தெரிந்தது, ஆனால் முகத்தைத் திருப்பாமல் குனிந்தே இருந்தது. போன் பண்ணினால் "சோலி இருக்குதும்மா, பொறவு பேசறன்" என்று வைத்துவிடுவாள். மாசமா இருக்கிறாளோ என்னவோ, மசக்கையோ என்று பாவாத்தாள் சந்தோசமாகத்தான் நினைத்துக்கொண்டாள். தோட்டம் காய்ந்துகொண்டு வருவது அவள் கண்ணில் படாமல் இல்லை. வெயில் காலம், எங்கேதான் காயவில்லை என்று போய்விட்டாள்.

ஒருநாள் டிரைவ் முடித்து வந்து பார்த்தால் வாய்க்காலில் தண்ணி சரியாக வந்துசேரவில்லை என்று பொம்பளைகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் ஊரில் இல்லை, கோர்ட்டுக்குப் போயிருந்தார். பாவாத்தாள் மேட்டில் ஏறிப் பார்த்தாள், குழாயின் வாயில் கட்டியிருந்த வேட்டி பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. அவிழ்த்தாள். உள்ளே ஒரு குடம் இருந்தது. மூன்று அங்குலக் குழாயில் குடம் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை, அந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டிருக்கவேண்டிய காலம் எப்போதோ தாண்டிப்போயிருந்தது. எவர்சில்வர் குடம், புதுசு, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருந்தது. பாவாத்தாள் அதைத் துடைத்துத் திருப்பினாள். கழுத்துக்குக் கீழே, பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாய்க் குத்தின எழுத்து இருந்தது: கோகிலாவுக்கு அம்மாவின் சீர்.

அவளே கடையில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்ன எழுத்து. எல்லாப் பாத்திரத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லியிருந்தாள், கரண்டியைக்கூட விடவில்லை, நாளைக்குக் கூட்டுக்குடித்தனத்தில் பாத்திரம் மாறிப்போய் மகள் யாரிடமும் பேச்சு வாங்கக்கூடாது என்று. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாய் எங்கிருந்து தண்ணி வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும், ரோட்டோரத்துக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது, அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம், அவளுக்கும் தெரியும். ஆனால் ரோட்டோரம் என்றால் யாரோ, எவரோ, முகம் தெரியாத ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளியம்பாறையும் ரோட்டோரந்தான் என்பது குடம் மடியில் கனத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

சென்னியப்பன் வந்ததும் குடத்தைக் காட்டிச் சொன்னாள். அவர் எழுத்தைப் படித்துவிட்டுக் குடத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை, கோகிலா கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினவர்.

"வேற ரோட்டுல ஓட்டு பாவாத்தா. தெக்கால வேண்டாம், விட்டுரு."

"அந்த ரோட்டுலயும் எவளோ ஒருத்தி இருப்பாளுங்ணா."

"இருப்பா. அதுக்கு? நம்மூருப் புள்ளைக குடிக்க வேண்டாமா? போன வருசம் லாரித் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டு உம்பட நாத்துனா மண்டை ஒடஞ்சது மறந்துபோச்சா?"

"நா இனி ஓட்டலைங்ணா."

"சரி, ஓட்டாத" என்றார் சென்னியப்பன், கோபமில்லாமல். "எம் மருமவன் ஓட்டுவான். ஒரு வண்டி, ஒரு சாவி, ஓட்டறதுக்கு ஆளா இல்லை."

பாவாத்தாள் வீட்டுக்குப் போனாள். அடுத்தநாள் காலையில் வழக்கம்போல வொர்க்ஷாப்புக்குப் போய்ச் சாவியை வாங்கினாள், பக்கத்து சீட்டில் குடத்தை வைத்தாள், தெற்கு ரோட்டில் போனாள். அவள் போகப் போக ஊசிக்கல்வலசில் தண்ணி வந்தது, பொம்பளைகள் துணி துவைத்தார்கள்.

வெள்ளியம்பாறையில் ஹாரன் அடிக்காமல் வண்டியைச் சம்மந்தி வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். தொட்டியில் வெடிப்பு ஓடியிருந்தது. மாட்டுக்கட்டுத்தறி காலியாகக் கிடந்தது, மாட்டை விற்றுவிட்டார்கள் போல. தென்னங்கன்றெல்லாம் குருத்து சாய்ந்து நின்றது. கோகிலா கொட்டகையில் சாணி காய்ந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் அம்மாவைப் பார்த்தும் கிட்டே வரவில்லை, விளக்குமாறைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். கை காலெல்லாம் இளைத்திருந்தது, கண்ணைப் பார்க்கச் சகிக்கவில்லை. கயிற்றுக்கட்டிலில் இருந்த சம்மந்தி ராமாத்தாள் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சம்மந்தி. பிளசர்ல எல்லாம் வர்றீங்க. குடிக்கத் தண்ணி குடுங்கன்னு மட்டும் கேட்டுராதீங்க, இந்த ஊட்டுல இல்லை. எம் மாமனார் காலத்துல இருந்து வத்தாத கெணறு, உங்க புள்ள காலெடுத்து வெச்ச நேரம் காஞ்சு கெடக்குது. அடியில கெடந்த சேத்துத் தண்ணிய மொள்ளச் சொன்னா, சீர் கொடத்தைக் கவுறோட உள்ள உட்டுப்போட்டு வந்து நிக்கறா. ராசிதான், வேற என்னத்தைச் சொல்றது."

மாப்பிள்ளை தூணில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

பாவாத்தாள் குடத்தைக் கொண்டுபோய் ராமாத்தாளின் காலடியில் வைத்தாள். வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், எஞ்சின் மாற்றினதைச் சொன்னாள், சாவியைத் திருப்பினால் அங்கே பம்பு ஓடுவதைச் சொன்னாள், தெற்கு ரோடுதான் வாகு என்று தன் வாயால் சொன்னதைச் சொன்னாள், வேட்டி கட்டினதைச் சொன்னாள், செருப்பையும் முடியையும்கூட மறைக்காமல் சொன்னாள். "உங்க கெணத்தைக் குடிச்சது நாந்தானுங் சம்மந்தி. எம் புள்ள ராசில ஒரு கொறையும் இல்லை. வைய்யறதுன்னா என்னைய வையுங்க, அடிக்கறதுன்னாலும் அடிங்க, அவளை ஒண்ணுஞ் சொல்லாதீங்க." சொல்லி முடித்ததும் அவளுக்குப் பெரிய பாரம் இறங்கினதுபோல் இருந்தது, இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ராமாத்தாள் குடத்தை எடுத்து எழுத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். மாப்பிள்ளை செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

"வத்துன கெணத்துல வெச்சாலும் தண்ணி வருதுங்களா?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

"வருதுங்."

"எத்தனை ஏக்கராவுக்குப் பாயும்?"

பாவாத்தாளுக்குக் கேள்வி புரிய ஒரு நிமிசம் ஆயிற்று. அதற்குள் மாப்பிள்ளை உள்ளே போய்ச் சேரை எடுத்துவந்து, துண்டால் தட்டி, "உக்காருங்கத்தை" என்று போட்டான், கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளிடம் சேர்த்துப் பேசின முதல் வார்த்தை அதுதான். ராமாத்தாள் எழுந்து நின்று கூந்தலை அள்ளி முடிந்தாள். "கண்ணு கோகிலா, அம்மாளுக்குக் காப்பி வெய்யி கண்ணு. லாரித்தண்ணி அந்தத் தவலைல இருக்குது பாரு" என்று குரல் கொடுத்தாள், பிறகு பாவாத்தாளின் கையைப் பிடித்து, ரெண்டு கையாலும் பிடித்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆடி வருதுல்லங் சம்மந்தி. ஆடிச்சீருக்குத் துணிமணி, பாத்திரம் ஒண்ணும் வேண்டாமுங். அந்த எஞ்சினைக் கொண்டாந்து எங்க கெணத்து மேல வெச்சிருங்க. வண்டிய வேணும்னா எம் பையனே ஓட்டிக்குவான்."

பாவாத்தாள் சமையலறைக்குள் போனாள். கோகிலா அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தாள், முடி சிக்குப்பிடித்துக் கிடந்தது, இந்தப் பிள்ளைக்குத் தலைகுளிக்கக்கூடத் தண்ணி கொடுக்கவில்லை, நான்தான் கொடுக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஊட்டுக்கு வந்துரு கண்ணு. நான் பாத்துக்கறன்."

"கொண்டாந்துரும்மா" என்றாள் கோகிலா.

"எதை?"

"அந்த எஞ்சினை. இன்னைக்குத்தாம்மா அத்தை என்னையப் பேர் சொல்லிக் கூப்டாங்க. ரெண்டு மாசமா கொட்டாயிலதான் படுக்கறன். நீ அதைக் கொண்டாந்து வெச்சிட்டீன்னா நான் பொழச்சுக்குவன்."

"எந்த ரோட்டுல ஓட்டறது கண்ணு அப்பறம்?"

"எந்த ரோடா இருந்தா என்னம்மா. இந்த ரோடு வேண்டாம், அவ்வளவுதான்."

காப்பி பொங்கிக்கொண்டு வந்தது. கோகிலா துணியால் பிடித்து இறக்கி, ஆற்றி, அம்மாவிடம் டம்ளரை நீட்டினாள். லாரித்தண்ணிக் காப்பி, ஒரு துளி சிந்தவில்லை. பாவாத்தாள் குடித்தாள்.

வெளியே வந்து, சரிங்க சம்மந்தி, சீர் கொண்டாறதுன்னா பொண்ணும் கூட வந்து எடுக்கறதுதான் மொறை, கோகிலாளை அனுப்புங்க, ஊருல பேசிச் சம்மதம் வாங்கி எடுத்துட்டு வர்றோம் என்றாள். ராமாத்தாள் மருமகளுக்குத் தலைசீவி, பூ இல்லாததற்கு வருத்தப்பட்டு, பொட்டு வைத்து, தானே வந்து பிளசரின் கதவைத் திறந்து உட்காரவைத்தாள். ஊர்ச்சனம் ரோட்டில் நின்று பார்த்தது. கோகிலா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு ராணியைப்போல இருந்தாள், பெத்தவளுக்குப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. சாவியைத் திருப்பும்போது இந்த நிமிசம் ஊசிக்கல்வலசில் எஞ்சின் தடதடக்கிறது என்று பாவாத்தாளுக்குத் தெரியும், இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால் அதுவும் இப்போது இந்தக் கிணற்றிலிருந்து போகிறது என்றும் தெரியும்.

போகிற வழியெல்லாம் கோகிலா பேசிக்கொண்டே வந்தாள். எஞ்சினை எந்தப் பக்கம் வைப்பது, கன்றுக்கு முதலில் பாய்ச்சுவதா வெங்காயத்துக்குப் பாய்ச்சுவதா, அத்தை உள்வீட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள், இத்தனை நாள் போனில் சரியாகப் பேசாததற்குக் கோவிச்சுக்காதேம்மா, எல்லாம் பேசினாள். பாவாத்தாள் உம் கொட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். ரெண்டு பக்கமும் கிணறு வந்தது, கிணற்றடியில் யாராவது பொம்பளை நின்றுகொண்டிருந்தாள், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வண்டி கடந்தது, இன்னொரு கிணறு வந்தது. எஞ்சினை அங்கேயே விட்டால் சென்னியப்பனின் மருமகன் ஓட்டுவான். இங்கே கொண்டுவந்தால் என் மருமகன் ஓட்டுவான். எங்கே வைத்தாலும் கொட்டகையில் ஒரு பிள்ளை படுக்கும், அது என் பிள்ளையா வேறொருத்தி பிள்ளையா என்பதுதான் கணக்கு. என் பிள்ளையாக இல்லாமல் இருந்தால் போதும் என்று இத்தனை நாள் அவளும் இருந்தவள்தானே. அதனால் கோகிலாமேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

கிணறுகள் தீர்ந்து பாறைக்காடு வந்தது. வேலாமரமும் கல்லுந்தான், மனுசன் தோண்டி ஜெயிக்க முடியாத பூமி, அங்கே ஊரும் கிடையாது, தோட்டமும் கிடையாது. பாவாத்தாள் ரெண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக்கொண்டு கொஞ்சதூரம் மெதுவாகப் போனாள், ஒரு வளைவு தாண்டி ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஏம்மா?"

"சும்மா ஒண்ணைப் பாக்கோணும் கண்ணு. நீ உக்காரு."

டிக்கியைத் திறந்து ஸ்பானரை எடுத்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தாள், எஞ்சின் ஆயில் சட்டியின் அடியில் இருந்த நட்டைக் கழற்றினாள். எண்ணெய் சூடாய் அவள் கையில் வழிந்து மண்ணில் ஓடியது. கடைசிச் சொட்டு வரைக்கும் விட்டாள். பிறகு வெளியே வந்து, புழுதியில் கையைத் தேய்த்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள், கியர் போடாமல் ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தாள். வண்டி நின்ற இடத்திலேயே கதறியது. டிரைவர் வீட்டுப் பிள்ளை, சத்தத்திலேயே கோகிலாவுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, வேண்டாம்மா" என்றாள், சாவியைப் பிடிக்கப் பாய்ந்தாள், பாவாத்தாள் ஒரு கையால் அவளைத் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டாள், பெத்த பிள்ளையை அப்படி ஒருநாளும் பிடித்ததில்லை. இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதே நேரத்தில் ஊசிக்கல்வலசில் பழைய எஞ்சின் சிவக்கச் சிவக்கக் காய்ந்து புகைந்ததாம், குழாயில் தண்ணி வெந்நீராய் வந்ததாம், பொம்பளைகள் துணியைப் போட்டுவிட்டு ஓடினார்களாம், சென்னியப்பன் மட்டும் மேட்டில் ஏறி, கருகின கையோடு எதையெதையோ திருகிப் பார்த்தாராம். பிறகு ரெண்டு இடத்திலும் ஒரே அடியாக, யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல, நின்றது.

அதற்கப்புறம் அந்தப் பாறைக்காட்டில் காத்துச் சத்தம்கூட இல்லை. பாவாத்தாள் சாவியைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு டக்கென்ற சத்தம் மட்டும் வந்தது. ஊருக்குப் போனால் ஊர் அவளைச் சும்மா விடாது, நாளைக்கே பிள்ளைகள் காலிக்குடத்தோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கும், அந்த முகங்களை அவள் பார்த்தாகவேண்டும். கோகிலா அவள் தோளில் அடித்தாள், மாரில் அடித்தாள், "என்னைய வாழ உடலையே நீ, பெத்தவளே என்னைய வாழ உடலையே" என்று அடித்தாள், பாவாத்தாள் அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராமாத்தாள் வைத்த பொட்டு வேர்வையில் கரைந்து மூக்குவரைக்கும் வழிந்திருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. ரோட்டில் ஒரு வண்டி வரவில்லை. அடித்து அடித்து, அழுது அழுது, கோகிலா ஓய்ந்துபோய் அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தாள், சின்னப்பிள்ளையில் லாரியில் போகும்போது சாய்வதைப்போலச் சாய்ந்தாள். பாவாத்தாள் எண்ணெய்க் கையை அவள்மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கோகிலா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"தாகமா இருக்குதும்மா."

பாவாத்தாள் இந்தப்பக்கம் பார்த்தாள், அந்தப்பக்கம் பார்த்தாள். ஒரு கிணறுகூட இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தியிருந்தாள்.